பாதி வழியில் நின்ற நரம்புகள்

கண்டியில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு, ஒரு குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள் என்ற அழைப்பாக அமைந்தது. கையிலிருந்த பெட்டியை நான் இன்னும் தரையில்கூட வைத்திருக்கவில்லை. மூன்று மாத ஆண் குழந்தை. துஷாந்த் என்று பெயர். கைகால்கள் மெலிந்திருக்க, வயிறு மட்டும் காற்றடைத்த பந்துபோல் விம்மிப் பளபளத்தது. மலைக்குளிரில் சில்லிட்டிருந்த என் விரல் பட்டதும் முகத்தைச் சுளிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ ஈறெல்லாம் தெரியச் சிரித்தான்.

அவனுக்கு வயிற்றில்தான் கோளாறு, மனசில் ஒன்றுமில்லை என்றாள் அவனுடைய தாய் மோகனா. அவளுக்கு இருபத்தைந்து வயதிருக்கலாம். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவள். மருத்துவமனையில் அவன் கட்டிலுக்கு அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், இவ்வூர் வழக்கில் கதிரையில், பல நாளாகக் குடியிருக்கிறாள்.

நான் மதுரையில் நோய்க்குறியியல் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். உடலிலிருந்து வெட்டியெடுத்த திசுவை மெல்லிய சீவலாக்கி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் நோக்கி, இன்ன நோய் என்று எழுதித் தருவது என் தொழில். நோயாளியின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. அவரும் எங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. கடல் கடந்து வந்து, நான் ஆராயவிருக்கும் குடலுக்கு உரியவனையே முதலில் சந்தித்தது எனக்குப் புதிய பட்டறிவு.

வந்த காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குடல் தானாக அசைந்து கழிவைக் கீழே தள்ளுவதற்கு, அதன் சுவருக்குள்ளேயே நரம்பணுக்கள் இருக்கவேண்டும். கருவிலிருக்கும்போது அவை மேலிருந்து புறப்பட்டு, குடல் நெடுகிலும் இறங்கி, ஆசனவாய் வரை பயணம் செய்கின்றன. சில குழந்தைகளில் அந்தப் பயணம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. நின்ற இடத்துக்குக் கீழே குடல் இறுகிக் கிடக்கும், மலம் இறங்காது. நரம்பில்லாத பகுதியை அகற்றிவிட்டு, நரம்புள்ள பகுதியைக் கீழே இழுத்துத் தைப்பதே மருத்துவம். எந்த இடத்தில் நின்றன என்பதுதான் வினா. வெறுங்கண்ணுக்கு அது தெரியாது. ஆகவே அறுவையின் நடுவே ஒரு துணுக்கை வெட்டி, உறையவைத்து, சீவிப் பார்ப்பார்கள். முக்கால் மணி நேரம் செல்லும். அங்கே நரம்பில்லையெனில் மேலே இன்னொரு துணுக்கு. இன்னொரு முக்கால் மணி.

என் பெட்டியிலிருந்த கருவி பென்சில் பருமனுள்ள ஒரு கோல். வெட்டாமலே, உயிருள்ள குடலின் புறத்தில் ஒரு துளிச் சாயமிட்டு, கோலின் நுனியை மெல்ல வைத்தால், நீல ஒளி உள்ளே சென்று நரம்புகளைத் திரையில் காட்டும். இறுதித் தீர்ப்பு இன்னமும் சீவலுக்கே உரியது. எங்கே வெட்ட வேண்டும் என்று வழிகாட்டுவது மட்டுமே இதன் வேலை. இரு நாட்டு ஒழுங்குமுறைக் குழுக்களும் குழந்தையின் பெற்றோரும் இசைந்த பின்னரே நான் புறப்பட்டேன்.

என்னை அழைத்தவர் குழந்தை அறுவை மருத்துவர் ரிஸ்வான். முன்பொருமுறை சென்னையில் ஒரு பயிற்சிப் பட்டறையில் அறிமுகமானவர். உயரமானவர், மெதுவாகப் பேசுபவர், பேச்சைக் காட்டிலும் மெதுவாக நடப்பவர். அவர் அறிமுகப்படுத்தியதும் மோகனா என்னிடம் நேரே விஷயத்துக்கு வந்தாள். நரம்பு தொடங்கும் இடம் உறுதியாகத் தெரியாவிட்டால், குடலைச் சில மாதங்களுக்கு வயிற்றின் மேல் திறந்து ஒரு பையைப் பொருத்த வேண்டிவரும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

"பை வச்சா புள்ளைக் காம்பராவுல எடுக்க மாட்டாங்க டாக்டரம்மா. காம்பரா இல்லன்னா நான் எப்படி மலைக்குப் போறது?"

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் புள்ளைக் காம்பரா. நான் ரிஸ்வானைப் பார்த்தேன்.

"செவ்வாய்க்கிழமை ஒரே தடவையில முடிக்கத்தான் பாக்கிறோம் தங்கச்சி. ஆனா பொய் செல்ல மாட்டேன். இப்பவே உறுதி தர ஏலாது," என்றார் அவர். சொல் என்பது அவர் பேச்சில் செல் ஆகும்.

மோகனா தலையசைத்தாள். பிறகு குழந்தையைத் திருப்பிப் படுக்கவைத்து, மெல்லிய குழாய் வழியாக இளஞ்சூடான உப்புநீரைச் செலுத்திக் குடலைக் கழுவத் தொடங்கினாள். நாள்தோறும் இருமுறை செய்கிறாளாம். அந்தக் கையின் நிதானத்தை எங்கள் ஊர்ப் பயிற்சி மருத்துவர்களுக்குப் படமெடுத்துக் காட்டலாம் என்று தோன்றிற்று.

அறுவைக்கூடத்துத் தாதி யோகேஸ்வரி யாழ்ப்பாணத்தவர். நான் பயணக் களைப்பில் இருப்பதைக் கண்டு மீன் அடைத்த முக்கோண ரொட்டியான மீன் பணிஸ் ஒன்றும் ஒரு குவளைப் பிளேன்டீயும் தந்தார். பால் கலவாத தேநீரை மதுரையில் நான் நோயாளிகளுக்கு உரியதாகவே கருதிவந்தேன். இஞ்சி தட்டிப் போட்ட அந்தச் செந்நிற நீர் தொண்டையில் இறங்கியதும், இத்தனை ஆண்டுகள் தேயிலையின் மணத்தைப் பாலில் மூழ்கடித்துக் குடித்திருக்கிறேன் என்று விளங்கியது.

தங்குவதற்கு மடவளையில் ரிஸ்வானின் வீடு. அவர் மனைவி பரீனா, பள்ளியொன்றில் புவியியல் ஆசிரியை. வாசலிலேயே என் கையைப் பற்றி, "வாங்க தாத்தா, குளிரா ஈக்கா?" என்றார். இவ்வூர் முஸ்லிம்கள் வழக்கில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. அறிந்திருந்தும், எனக்கு மீசை முளைத்துவிட்டாற்போன்ற உணர்வு அன்று மாலைவரை நீங்கவில்லை. இடியப்பத்தோடு வந்த சொதியும், அதன்பின் வந்த வட்டிலப்பமும் அவ்வுணர்வைப் போக்கின. கித்துள் என்ற கூந்தற்பனையின் வெல்லமும் தேங்காய்ப்பாலும் முட்டையும் ஏலமும் சேர்ந்த அந்தப் பண்டத்தோடு ஒப்பிட எங்கள் ஊரில் ஏதுமில்லை.

மறுநாள் ஒத்திகை. கருவியை இதுவரை மதுரையில் அகற்றப்பட்ட குடல் துண்டுகளில் சிலமுறை மட்டுமே வைத்துப் பார்த்திருக்கிறேன். அதுவும் உடனிருந்த பொறியாளர் கைப்பிடித்து வழிகாட்ட. இங்கே பொறியாளர் இல்லை. புதிய ஆட்டுக்குடல் ஒரு முழம் கிடைத்தால் கை பழகும் என்றேன். பயிற்சிக்கென்று தனியே ஒரு நுனியும் கொண்டுவந்திருந்தேன். ரிஸ்வான் இறைச்சிக் கடைக்காரர் காசிம் நானாவுக்கு, அதாவது காசிம் அண்ணனுக்கு, தொலைபேசியில் சொன்னார். இந்தியாவிலிருந்து வந்த மருத்துவருக்கு என்று சொன்னதுதான் அவர் செய்த ஒரே பிழை.

காலை ஒன்பது மணிக்கு வாழையிலையில் சுற்றிய பொதி வந்தது. உள்ளே வெண்முத்துப்போல் தூய்மையான குடல். சாப்பாட்டு மேசையில் தடித்த பிளாஸ்டிக் விரித்து, சாயம் ஒரு துளி இட்டு, கோலை வைத்தேன். திரை முழுவதும் பச்சை ஒளி. இடம் மாற்றினேன், ஒளி. ஒளியின் அளவைக் குறைத்தேன், அப்போதும் ஒளி. நரம்புமில்லை, தசையுமில்லை, தீபாவளிதான். கருவி விமானத்தில் அடிபட்டுவிட்டது என்று எனக்கு வியர்த்தது. சாயமே இடாத ஓரிடத்தில் வைத்தேன். அங்கும் அதே ஒளி. நான் பெட்டியைத் திறந்து கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்கினேன். ரிஸ்வான் மின்னழுத்தத்தைக் குறைகூறினார்.

தேநீரோடு வந்த பரீனா பொதியை முகர்ந்து பார்த்தார்.

"இது கறிக்கு கழுவினதல்லவா? நானாட பொஞ்சாதி மஞ்சள் போட்டு, உப்புப் போட்டு, சுடுதண்ணியில மூணு வாட்டி தேச்சிருப்பாங்க. விருந்தாளிக்கு என்டா இன்னும் ஒரு வாட்டி."

நீல ஒளி பட்டால் மஞ்சள் பச்சையாய் ஒளிரும் என்பது நான் படித்துத் தேர்வெழுதிய செய்தி. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கழுவிப் போயிருந்தாலும், கருவிக்கு அது போதும். இரண்டு மருத்துவர்கள் ஒரு மணி நேரமாகக் கருவியைக் கழற்றிக்கொண்டிருக்க, சமையலறையிலிருந்து வந்தவர் மூச்சிழுத்து நோயைச் சொல்லிவிட்டார். கருவிக்கு உதவாத குடல் சமையலுக்கு மிக நன்றாக உதவிற்று. கொச்சிக்காய் என்று இங்கே சொல்லும் மிளகாயின் தூளும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவர் ஆக்கிய குடற்கறி, மதுரைக் குடல் குழம்புக்கு நிகரானது என்று எழுதுவதில் எனக்குச் சிறிது ஊர்த்துரோக உணர்வு உண்டு.

சனிக்கிழமைக்குக் கழுவாத குடல் வேண்டும் என்று ரிஸ்வான் கடைக்கே போய்க் கேட்டபோது காசிம் நானா மனம் புண்பட்டார். நானும் உடன் சென்றிருந்தேன்.

"கழுவாம எப்பிடி டொக்டர் விருந்தாளிட கையில குடுக்கிற? நாளைக்கு ஊர் என்ன செல்லும்?"

சாப்பிட அல்ல, பார்க்கத்தான் என்று விளக்கியும் அவர் முகம் தெளியவில்லை. கழுவாததைப் பார்ப்பதில் என்ன இன்பம் என்று அவர் நினைத்திருக்கக்கூடும். கடைசியில், வேறொருவருக்கும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு வாளியில் தந்தார்.

அந்த வாளியைப் பரீனா வீட்டுக்குள் அனுமதிக்கவில்லை. வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு பழைய மேசையில் வேலை தொடங்கிற்று. இம்முறை திரை சீராக இருண்டிருந்தது. சாயம் பட்ட இடங்கள் மட்டும் மின்னின. ஆனால் நரம்பணுக்களைக் காணோம். தசை நார்களின் வரிசை தெரிந்தது. ஊடே சில ஒளிக்கோடுகள் ஓடின. அவற்றை இரத்தக் குழாய்களென்று ஒதுக்கினேன். ஆடு நலமாக வாழ்ந்த ஆடு. அதன் குடலில் நரம்பில்லாமற்போக வழியில்லை. அரை மணி, ஒரு மணி. நான் தேடியது என் வாழ்நாள் முழுவதும் நுண்ணோக்கியில் பார்த்துப் பழகிய உருவம்: இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே, கடலில் தீவுகளைப்போல், அணுக்கள் சிறுசிறு கூட்டமாக நிற்பது.

சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு பரீனா வாசலில் நின்று திரையைப் பார்த்தார். பத்தாம் வகுப்புக்குத் தேசப்படம் கற்பிப்பவர்.

"இது மேலால பாத்த படமல்லவா தாத்தா? ரோட்டெல்லாம் தெரியுது. நீங்க பக்கத்தால பாத்தா ஊடு தெரியிற மாதிரி தேடுறீங்க."

நான் கோலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு திரையை மறுபடி பார்த்தேன். குறுக்கே வெட்டிப் பார்த்தால் தீவுகளாய்த் தெரிவது, வெட்டாமல் மேலிருந்து பார்த்தால் ஒரு வலை. நான் குழாய்களென்று ஒதுக்கிய ஒளிக்கோடுகளே நரம்புகள். அவை ஏணிப்படிகளைப்போல் குறுக்கும் நெடுக்குமாக இணைந்திருந்தன. இணையும் முடிச்சுகளில் அணுக்கள் மணிமணியாய்க் கூடியிருந்தன. மதுரையில் பொறியாளரும் நானும் பார்த்தவை சிறு துண்டுகள் ஆதலால், இத்தவறு அங்கே புலப்படவில்லை. சீவல்களோடே காலங்கழித்தவருக்கன்றி வேறெவர்க்கும் இப்படியொரு தவறு வராது. செவ்வாய்க்கிழமை இதே தவறோடு நான் அறுவைக்கூடத்தில் நின்றிருந்தால், நலமான குடலைக் காட்டி நரம்பில்லை என்றிருப்பேன். அக்குழந்தைக்கு ஒன்று குடல் வீணாகக் குறைந்திருக்கும், அல்லது பை வந்திருக்கும்.

"பொஞ்சாதிக்கு ஒபரேசன் தியேட்டர்ல ஒரு கதிரை போடவேண்டி வரும் போல," என்றார் ரிஸ்வான். மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே, அந்த நாற்றத்துக்கு இரட்டிப்புச் சம்பளம் கேட்டார் பரீனா. ஞாயிறு முழுவதும் நான் வலைகளாகவே பார்த்துப் பழகினேன்.

திங்கட்கிழமை கலஹாவுக்குச் சென்றேன். அது மோகனாவின் வேண்டுகோள். ஒருவேளை பை பொருத்த நேர்ந்தால், அதை எப்படிக் கையாள்வது என்று காம்பரா ஆயம்மாவுக்கு ஒரு மருத்துவர் நேரில் சொன்னால் கேட்பார் என்பது அவள் நம்பிக்கை. அழைத்துச் செல்ல அவள் அண்ணன் சிவா தன் முச்சக்கர வண்டியைக் கொண்டுவந்தார். வண்டியின் முன்கண்ணாடியில் முருகனும் ஒரு கிரிக்கெட் வீரரும் அருகருகே வீற்றிருந்தனர்.

பேராதனையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் சிவா வண்டியோடு பேசத் தொடங்கினார். இரண்டாவது வளைவில் அது பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டது. இருபுறமும் சீராக வாரிவிட்ட தலைபோல் தேயிலை. எதிரே மேகம் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தது. சிவா இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு, என்னை ஏற்றிக்கொள்ளும்படி கொழுந்து லொறியொன்றை மறித்தார். முன்னிருக்கையில் ஏற்கெனவே மூவர். ஆகவே கொழுந்து மூட்டைகளின்மேல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அரசியைப்போல் ஏறிச் சென்றேன். பச்சைக் கொழுந்தின் மணம் தேநீரின் மணமன்று. புதிதாக வெட்டிய புல்லுக்கும் வெள்ளரிக்கும் இடைப்பட்டது. கீழே சிவா வண்டியைத் தள்ளிக்கொண்டு, அம்மா நல்லா புடிச்சுக்குங்க என்று சொல்லிக்கொண்டே சிறியவரானார்.

ஆயம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு குழந்தையை இடுப்பிலும் ஒன்றைக் காலிலும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அவரைப் பிடிவாதக்காரர் என்று எண்ணி நான் சொற்களைத் தயாரித்து வந்திருந்தேன். அவர் என்னை ஒரு மூலைக்கு அழைத்துச் சென்று ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் காட்டினார். அதன் வயிற்றில் பிளாஸ்திரி ஒட்டிய அடையாளம் இருந்தது.

"மோகனா சொன்ன அன்னிக்கே இதுக்கு ஒரு பொலித்தீன் பைய ஒட்டி, புள்ளைக நடுவுல விட்டுப் பாத்தேன் டாக்டரம்மா. எடுக்க மாட்டேன்னு நான் சொல்லல. அரை மணி தாங்கல. பை ஒரு பக்கம், பொம்மை ஒரு பக்கம் கெடக்கு. இது பொம்ம. அது புள்ள."

தயாரித்துவந்த சொற்கள் எதற்கும் உதவவில்லை. கருவியோடு நான் செய்த ஒத்திகையைக் காட்டிலும் இவர் செய்தது திருத்தமானது. பைக்கு மேல் கட்டும் துணிப்பட்டி, இருவர் பார்த்துக்கொள்ளும் முறை என்று நாங்கள் இருவரும் ஏதேதோ யோசித்தோம். ஒவ்வொன்றையும் அவர் சிறிது நேரம் கருதிப் பார்த்து, இடுப்பிலிருந்த குழந்தையைச் சான்று காட்டி மறுத்தார். அக்குழந்தை அதற்குள் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டிருந்தது. பையில்லாமல் அனுப்புங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, ரொட்டியும் கட்டசம்பலும் தந்து அனுப்பினார். மாசிக் கருவாடும் மிளகாயும் இடித்த அந்தச் சம்பலின் காரம் பேராதனை வரை என்னுடன் பயணம் செய்தது.

செவ்வாய்க்கிழமை. குழந்தையை வாங்கிக்கொள்ள யோகேஸ்வரி கை நீட்டினார். மோகனா அவன் கழுத்திலிருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள்.

தொப்புளருகே ஒரு சிறு வெட்டின் வழியே ரிஸ்வான் குடலை மெல்ல வெளியே எடுத்தார். கீழ்ப்பகுதி ஒடுங்கியிருந்தது, மேற்பகுதி வீங்கியிருந்தது, இடையே புனல்போல் ஒரு சரிவு. கண்ணுக்கு, புனலின் மேல்விளிம்பிலேயே நலமான குடல் தொடங்குவதுபோல் இருந்தது. பழைய முறையில் முதல் துணுக்கை அங்கேதான் எடுத்திருப்பார்கள்.

சாயமிட்டேன். கோலை வைத்தேன். திரையில் ஒன்றுமில்லை, சாயமே பிடிக்காததுபோல் மங்கல். மறுபடியும் இட்டேன், மறுபடியும் மங்கல். பிறகுதான் கவனித்தேன். குடல் உலர்ந்துவிடக் கூடாதென்று, நான் கோலை எடுத்து வைப்பதற்குள் யோகேஸ்வரி இளஞ்சூடான உப்புநீர்த் துணியால் அதை ஒற்றிவிடுகிறார். பல்லாண்டுப் பழக்கம், அவர் கை அவரைக் கேட்பதேயில்லை. இரண்டு நிமிடம் ஒற்றாதிருக்க இயலுமா என்று கேட்டேன்.

"ஓம் டொக்டர், இயலும். ஆனா மணி பாத்துக்கொண்டு நிப்பன்," என்று கைகளைக் கோத்து மார்போடு சேர்த்துக்கொண்டார். அந்த இரண்டு நிமிடமும் அவர் பட்ட பாடு முகக்கவசத்தையும் மீறித் தெரிந்தது.

புனலின் மேல்விளிம்பில் தசை நார்கள் தெளிவாகத் தெரிந்தன. வலை இல்லை. அரை விரற்கடை மேலே சென்றேன். வலை இல்லை, தடித்த நரம்புத் தண்டு ஒன்று மட்டும், முடிச்சின்றி, எங்கோ போய்க்கொண்டிருந்தது. இன்னும் மேலே. இன்னும் மேலே. நான்கு விரற்கடை கடந்திருக்கும். திரையின் மூலையில் ஒரு கோடு கிளை பிரிந்தது. கோலை ஒரு மயிரளவு நகர்த்தினேன். ஒரு முடிச்சு. அதிலிருந்து இன்னொரு கோடு, இன்னொரு முடிச்சு. பிறகு திரை முழுவதும் வலை.

நான் இதுவரை பார்த்த நரம்பணுக்கள் யாவும் இறந்தவை. வெட்டப்பட்டு, உறைந்து, நிறமேறி, கண்ணாடிக்கடியில் நின்ற இடத்தில் நிற்பவை. இவை நிற்கவில்லை. குடலில் ஓர் அலை எழுந்து கடந்தது. வலை அப்படியே நீண்டு, மெல்லச் சுருங்கி, தன் இடத்துக்குத் திரும்பிற்று. மறுபடியும் ஓர் அலை. நான் சொல்ல வேண்டிய சொல்லை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டொக்டர், ஈக்கா இல்லயா?" என்றார் ரிஸ்வான்.

இருக்கிறது என்றேன். அந்த இடத்தை நூலால் அடையாளமிட்டு, அதற்கு மேலே ஒரு துணுக்கெடுத்து அனுப்பினார். இனி முக்கால் மணி. மயக்க மருத்துவர் குழந்தையின் மூச்சை எண்ண, யோகேஸ்வரி இழந்த இரண்டு நிமிடத்துக்கும் சேர்த்துக் குடலை ஈரப்படுத்த, நான் சுவரோரம் நின்றேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சீவலுக்கு முன்னால் அமர்ந்து பிறரைக் காத்திருக்க வைத்தவள் நான். கதவின் மறுபக்கத்தில் இவ்வளவு நேரம் என்பது எனக்குத் தெரியாது.

தொலைபேசி ஒலித்தது. மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர், ஒரு சிங்களப் பெண்மணி, ஆங்கிலத்தில் தந்த விடையைத் தமிழில் எழுதினால் இரண்டே சொற்கள்: நிறைய உள்ளன. ரிஸ்வான் அதன்பின் ஒரு நொடியையும் வீணாக்கவில்லை. பாதி வழியில் நின்ற நரம்புகளை, அவை வந்துசேர வேண்டியிருந்த இடத்துக்கு அவர் கையாலேயே கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வெளியே மோகனா ஒரே ஒரு சொல் கேட்டாள்.

"பை?"

"இல்ல," என்றார் ரிஸ்வான். உடனே, மகிழ்ச்சியை அளவோடு வைக்கும் தன் இயல்புப்படி, தைத்த குடல் வேலை செய்து மலம் கழிந்தால்தான் உறுதி, ஒவ்வொரு துணியையும் எங்களுக்குக் காட்ட வேண்டும் என்றும் கூறினார்.

புதன்கிழமை ஒன்றுமில்லை. நான் கண்டி ஏரியைச் சுற்றி நடந்தேன். ஓர் உடும்பு படிக்கட்டில் வெயில் காய்வதைப் பார்த்தேன். எதிலும் மனம் நிற்கவில்லை. திரும்பும் பேருந்தில் நடத்துநர், முன்னே போங்கள், முன்னே ஒரு கல்யாண மண்டபமே காலியாக இருக்கிறது என்று சிங்களத்தில் கூவியதாக அருகிலிருந்தவர் மொழிபெயர்த்தார். மதுரை நடத்துநர்கள் இதைக் கேட்டால் பொறாமைப்படுவர். வியாழக்கிழமை மாலை துஷாந்துக்குக் காற்று பிரிந்தது. அந்தச் செய்தியை யோகேஸ்வரி, அமைச்சர் வருகையை அறிவிப்பவரைப்போல், வாசலில் நின்றே அறிவித்தார்.

வெள்ளிக்கிழமை காலை நான் விடைபெறச் சென்றபோது வார்டு திருவிழாவாக இருந்தது. மோகனா ஒரு துணியை இரு கைகளிலும் தாம்பாளம்போல் ஏந்தி என்னிடம் வந்தாள். நிறம், இளக்கம், அளவு மூன்றையும் முறைப்படி நோக்கினேன். குறைகூற ஒன்றுமில்லை. மருத்துவர் பார்த்துவிட்டார் என்றதும் அதை அடுத்த கட்டிலுக்கும் காட்டினாள். அங்கிருந்த சிங்களத் தாய் சொன்னதை யோகேஸ்வரி எனக்குத் தமிழாக்கினார்: எங்கள் எல்லாருக்குமே வயிறு லேசானதுபோல் இருக்கிறது. நேற்றுவரை விம்மியிருந்த துஷாந்தின் வயிறு தணிந்து, மூச்சோடு மெத்தென்று ஏறி இறங்கிற்று.

மோகனா தொலைபேசியில் ஆயம்மாவை அழைத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் சுற்றியிருந்த அனைவருக்கும் கேட்டது.

"எத்தன தடவ?"

"விடியக்காலைலேருந்து மூணு தடவக்கா."

"அப்ப துணி நெறைய தொவைக்கணும். புள்ளையக் கொண்டுவாடி."

இனிச் சில வாரங்களுக்கு நாளொன்றுக்குப் பத்துத் தடவையும் போவான், தோல் சிவக்கும், களிம்பு பூச வேண்டும், காய்ச்சல் கண்டாலோ வயிறு மறுபடி உப்பினாலோ அன்றைக்கே வரவேண்டும், காம்பராவுக்கு ஒரு மாதம் கழித்தே அனுப்பலாம் என்று ரிஸ்வான் வரிசையாகச் சொன்னார். மோகனா எல்லாவற்றுக்கும் தலையசைத்தாள். நாங்கள் மற்றக் கட்டில்களைச் சுற்றிவந்தோம்.

என் வண்டி கீழே காத்திருந்தது. சொல்லிக்கொண்டு புறப்படலாம் என்று அவள் கட்டிலருகே போனேன். கதிரையில் அமர்ந்தபடி, தலையைத் தொட்டில் கம்பியில் சாய்த்து, மோகனா உறங்கிப்போயிருந்தாள். அவள் படுத்துறங்கி மூன்று மாதமாகிறது என்று யோகேஸ்வரி சைகையால் சொல்லி, உதட்டில் விரல் வைத்தார். அடுத்த கட்டில் தாய் பாடிக்கொண்டிருந்த தாலாட்டை நிறுத்தினாள். எவரோ வானொலியைத் தணித்தார். அழத் தொடங்கிய ஒரு குழந்தையை அதன் தாய் தோளில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்குச் சென்றாள். துஷாந்த் மட்டும் விழித்திருந்து கால்களை உதைத்துக்கொண்டிருந்தான். நான்காம் துணியும் நனைந்திருந்தது. யோகேஸ்வரி ஓசைப்படாமல் அதை மாற்றினார். சொல்லிக்கொள்ளாமல் புறப்படுவது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.